தூண்டில்காரர்களின் கணக்கு நோட்டு

வெள்ளகோவிலுக்குத் தென்மேற்கே, தாராபுரம் வழியாக ஓடுகிறது அமராவதி. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பாம்பாற்றின் கேரளப் பகுதியில் பிடித்த ஒரு மீனுக்கு 2007இல் ‘டோர் ரெமாதேவி’ என்று பெயர் வைத்தார்கள். காவிரியின் கூன்முதுகு மாசீரும் இதே இனம்தான் என்பது 2018இல்தான் தெரிந்தது. அதே ஆண்டில் அது மிக அருகிவரும் இனமாகவும் அறிவிக்கப்பட்டது. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் தூண்டிலில் சிக்கிய மீன் இது. வெள்ளைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் துரத்திய மீனுக்குச் சரியான பெயர் கிடைக்க இவ்வளவு காலம்!

மீனைக் காக்கணும் என்ற குரலும் அந்தத் தூண்டில்காரர்களிடமிருந்தே வந்தது. சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். அதே காலத்தில் பிரான்சிஸ் டே, குஞ்சு மீன்கள் அழிவதைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் குற்றமாக்கியது. எங்க பக்கம் கிணறு வெட்ட வாங்கிய தோட்டாவில் மிச்சம் மடுவில் வெடித்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டம் இருந்தது, ஆற்றங்கரையில் ஆள்தான் இல்லை.

காவிரியில் அந்த ஆளைக் கொண்டுவந்தது பொழுதுபோக்கு மீன்பிடிப்புதான். கர்நாடகத்தின் கலிபோரே, பீமேஸ்வரி முகாம்களில் பணம் கட்டி மீன் பிடித்தவர்கள், எடை போட்டுவிட்டு மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே அங்கே காவலுக்கும் வழிகாட்டவும் வேலைக்கு வந்தார்கள். கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கில் 6,000க்கும் மேற்பட்ட மாசீர்கள் உண்டு. அதைப் படித்த ஆய்வாளர்களுக்கு ஒரு அதிர்ச்சி. மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது, கூன்முதுகு மாசீரோ காணாமல் போய்க்கொண்டிருந்தது. பெருகியது நீலத்துடுப்பு மாசீர். லோனாவாலா பண்ணையில் பொரித்து, நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்ட வெளியூர் இனம் அது.

2012இல் வனஉயிர்ச் சட்டத்தின் புதிய விளக்கத்தால் முகாம்களில் தூண்டில் நின்றது. மீனைக் கொல்லாமல் விட்டாலும் வேட்டை வேட்டைதானே என்ற வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் தூண்டிலோடு கணக்கும் நின்றுபோனது.

அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மீனுக்கு எல்லை தெரியாது. கேரளத்துப் பாம்பாற்று மீன் தமிழ்நாட்டு அமராவதிக்கும் சொந்தம். தேசிய அளவில் விதி என்று ஒன்று வந்தால், உரிமம் பெறும் ஒவ்வொருவரும் பிடித்த இனம், எடை, இடம், நேரத்தை எழுதித் தரணும் என்பதே அதன் முதல் வரியாக இருக்கணும். எந்தக் குஞ்சை எந்த ஆற்றில் விடலாம் என்பது இரண்டாவது வரி. எண்ணாமல் விட்ட மீன் செத்தாலும் யாருக்கும் தெரியாது.