தொலைநோக்கிப் பராமரிப்பு

தொலைநோக்கிப் பராமரிப்பு என்பது வானியல் தொலைநோக்கியின் ஆடிகள், வில்லைகள், குழல், தாங்கி, மின்னணுப் பகுதிகள் ஆகியவற்றை ஈரம், உப்பு, தூசி, பூஞ்சை, துரு ஆகியவற்றிலிருந்து காத்துப் பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்திருப்பதாகும். பெரிய வானாய்வகங்களில் இதற்கெனப் பணியாளர்களும் கருவிகளும் உண்டு. பொழுதுபோக்கு வானியலாளர்கள் இதனைத் தாங்களே செய்து கொள்ள வேண்டியுள்ளது. இந்நூல்களிற் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை ஆதலால், உறைபனி பற்றி விரிவாகவும் கடற்காற்று பற்றிச் சுருக்கமாகவும் கூறுகின்றன. தமிழகக் கடற்கரையின் நிலை இதற்கு நேர்மாறானது. இக்கட்டுரை புதுக்கோட்டை மாவட்டத்தின் மீமிசல் போன்ற பாக்கு நீரிணைக் கரையோர ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிறு தொலைநோக்கிகளின் பராமரிப்பை விளக்குகிறது.

மீமிசலின் வானம்

மீமிசல், ஆவுடையார்கோயில் வட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊராகும். இது ஏறத்தாழ வடக்கு 9.9 பாகை அகலக்கோட்டில் உள்ளது. எனவே துருவ விண்மீன் இங்கு வடதொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் மட்டுமே தெரியும். மரங்களோ வீடுகளோ மறைத்தால் அதுவும் தெரியாது. நிலநடுக்கோட்டுத் தாங்கிகளைத் துருவ விண்மீனை நோக்கிச் சீரமைப்பது இதனாற் கடினமாகிறது.

வடக்கே இழப்பது தெற்கே கிடைக்கிறது. தெற்குச் சிலுவையின் அடிப்பகுதி விண்மீனான அக்ரக்ஸ் தில்லியில் தொடுவானத்துக்கு மேல் எழுவதேயில்லை. மீமிசலில் அது 17 பாகை உயரம் வரை எழுகிறது. ஒமேகா செந்தாரி என்னும் கோளகக் கொத்து 32 பாகைக்கு மேல் உயர்கிறது. மே மாதப் பின்மாலைகளில் இதனை இருகண்ணோக்கி மூலமே காணலாம். அகத்திய விண்மீன் பெப்ரவரி மாத இரவுகளில் 27 பாகை உயரத்தில் தெற்கே நிற்கும். பெரிய மகெல்லன் முகில் 10 பாகை அளவே எழுவதால், தொடுவானம் தெளிவாக உள்ள நாட்களில் மட்டுமே அதனைத் தேடுவது பயன் தரும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நோக்கல் பெரும்பாலும் இயலாது. ஜனவரி முதல் மே வரையுள்ள காலம் ஏற்றது. ஆண்டின் ஏனைய மாதங்களில் தொலைநோக்கி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கருவி கெடுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே.

உப்பும் ஈரமும்

அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. சோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைசலாகி விடும். கடற்கரையில் இரவுநேர ஈரப்பதம் இந்த அளவை எளிதில் கடக்கும். எனவே பகலில் உலர்ந்த தூசியாகத் தெரியும் படிவு, இரவில் ஆடியின் மேல் உப்புநீர்ப் படலமாக மாறுகிறது.

தொலைநோக்கியின் முதன்மை ஆடியில் ஒளியைத் தெறிக்கச் செய்வது கண்ணாடி அன்று. அதன் மேலுள்ள அலுமினியப் படலமே. இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆகும். இதைக் காக்கச் சிலிக்கன் ஆக்சைடு மேற்பூச்சு இடப்படுகிறது. ஆயினும் மேற்பூச்சில் ஊசித்துளைகள் இருப்பின் அவற்றின் வழியே உப்புநீர் புகுந்து அலுமினியத்தை அரிக்கும். ஆடியின் பின்புறம் விளக்கொளி காட்டினால் இவை புள்ளிகளாகத் தெரியும். அரிப்பு பரவிய பின் புதுப்பூச்சு இடுவதே வழி. இது வெற்றிடக் கலனில் செய்யப்படும் வேலையாதலால் வீட்டில் இயலாது. காவலூர் வேணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடிக்குப் பூச்சிடுவதற்கான கலன் அவ்வளாகத்திலேயே நிறுவப்பட்டுள்ளது என்பது இத்தேவையின் அளவைக் காட்டும்.

வில்லைகளுக்குப் பெரும் பகை பூஞ்சை. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடிக்கும் இருண்ட, காற்றோட்டமற்ற இடங்களில் இது வளர்கிறது. தொடக்கத்தில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகளாகத் தெரியும். இந்நிலையில் துடைத்து நீக்கலாம். காலம் தாழ்த்தினால் பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தழும்பை விட்டுவிடும். அதன் பிறகு சுத்தம் செய்தும் பயனில்லை. தொலைநோக்கியோடு வரும் தோல் உறைகளும் பஞ்சுத் திண்டுப் பெட்டிகளும் கொண்டு செல்வதற்கு ஏற்றவை. ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்வதால் சேமித்து வைப்பதற்கு ஏற்றவை அல்ல.

சேமிப்பு

கண்ணருகு வில்லைகள், தேடுநோக்கி, இருகண்ணோக்கி ஆகியவற்றைக் காற்றுப் புகாத ஞெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைப்பது எளிய முறை. நீலநிறச் சிலிக்கா ஜெல் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகும். செம்மஞ்சள் வகையும் நிறம் மாறும். 120 பாகை செல்சியசு அளவில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நீல வகையில் கோபால்ட் குளோரைடு உள்ளது. இது நச்சுத்தன்மையுடையதால் சமையல் வாணலியில் இட்டு வறுக்கக் கூடாது. சிலிக்கா ஜெல்லுக்கு மாற்றாக அரிசி இடும் வழக்கமும் உண்டு. அரிசி ஈரத்தைச் சிறிதளவே ஏற்கும். மாவுத்தூசியையும் வண்டையும் கூடவே தரும். ஒளிப்படக் கருவிகளுக்கான மின் உலர்பெட்டி கிடைப்பின் அதனை 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தல் போதுமானது. பெட்டி எதுவாயினும் உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்று இருப்பது நல்லது.

பெரிய குழல்களைப் பெட்டியில் அடைக்க இயலாது. அவற்றின் இரு வாயையும் மூடி, வாய் கீழ்நோக்கியோ கிடைமட்டமாகவோ இருக்குமாறு, தரையிலிருந்து உயர்த்தி, கடலை நோக்கிய சாளரமில்லாத அறையில் வைக்கலாம். திறந்த குழல்களில் மண்குளவி கூடு கட்டுவதும் பல்லி முட்டையிடுவதும் நம் ஊர்களில் சாதாரணம். மூடியில்லாத தேடுநோக்கித் திருகுத்துளை கூடக் குளவிக்குப் போதும். வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதே இதற்குச் சிறந்த தடுப்பு.

பனி படிதல்

கடற்கரையில் கோடைக்காலப் பனிநிலை 24 அல்லது 25 பாகை செல்சியசு வரை இருக்கக்கூடும். குளிரூட்டிய அறையிலிருந்து தொலைநோக்கியை நேரே வெளியே எடுத்து மூடியைத் திறந்தால் ஆடி முழுவதும் நீர் படியும். மூடியை அகற்றாமல், வெளிக்காற்றின் வெப்பநிலையை அடையும் வரை, பெரிய ஆடியாயின் ஒரு மணிநேரம் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். நோக்கும்போது படியும் பனியைக் குறைக்க, குழல் வாயில் அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரு மடங்கு நீளமுள்ள பனித்தடுப்பு உறையைச் சுற்றலாம். கறுப்புச் சார்ட்டு அட்டையே போதும்.

படிந்த பனியைத் துணியால் துடைப்பது மிகப் பரவலான தவறு. பனியோடு கலந்த உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். நோக்கல் முடிந்ததும் ஈரமுள்ள நிலையிலேயே மூடியை இட்டுப் பெட்டியில் வைப்பது அடுத்த தவறு. பூஞ்சைக்கு இதைவிட வசதி வேறில்லை. வீட்டினுள் மின்விசிறிக் காற்றில் முற்றிலும் உலர்ந்த பின்னரே மூட வேண்டும்.

ஆடியைக் கழுவுதல்

சிறிது தூசி படிந்த ஆடியைக் கழுவத் தேவையில்லை. பரப்பில் ஒரு விழுக்காட்டைத் தூசி மறைத்தாலும் இழப்பது ஒரு விழுக்காட்டு ஒளியே. தேவையின்றிக் கழுவுவதால் ஏற்படும் கீறல்கள் அதனினும் கேடானவை. ஆயினும் உப்பு, தூசியைப் போன்றதன்று; அது தங்குந்தோறும் அரிக்கும். எனவே கடலோரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன், நீரால் அலசுவது பொருத்தமானது.

ஆடியைத் தாங்கியிலிருந்து கழற்றிச் சாய்வாக நிறுத்தி முதலில் ஓடும் நீரில் நன்கு அலச வேண்டும். உப்பு இதிலேயே கரைந்துவிடும். பின்னர் ஒருசில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஊறவைத்து, பஞ்சுருண்டையை அழுத்தாமல், அதன் எடையாலேயே நடுவிலிருந்து விளிம்புக்கு இழுக்கலாம். ஒரு பஞ்சுருண்டையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. கடலோர நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் இறுதி அலசல் வாலைவடிநீரில் அமைய வேண்டும். கடைகளில் 'பேட்டரி தண்ணீர்' என விற்கப்படுவதைப் பலர் பயன்படுத்துகின்றனர். மூடி முத்திரையிட்ட புட்டியாயின் ஏற்கத்தக்கது. திறந்த கேனில் ஊற்றித் தருவதைத் தவிர்க்க வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டில் சில சொட்டு விட்டு உலர்த்திப் பார்த்தால் கறை விடுகிறதா என்று தெரிந்துவிடும்.

வில்லைகளை இவ்வாறு நீரில் அமிழ்த்தக் கூடாது. ஊதுகுமிழால் மணலை அகற்றிய பின், ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த வில்லைத் தாளால் மெல்லத் துடைக்கலாம். அசிட்டோன், கண்ணருகு வில்லையின் ஞெகிழி உறையைக் கரைத்துவிடும். பொருளருகு வில்லைத் தொகுதியைப் பிரித்தால் வில்லைகளின் இடைவெளியும் திசையும் மாறிப்போகும் என்பதால் அதனைப் பிரிக்காதிருப்பதே நலம்.

கழுவி மாட்டிய ஆடியை மீண்டும் அச்சுச் சீரமைக்க வேண்டும். ஒரு பொலிவான விண்மீனைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பார்த்தால் வளையங்கள் ஒருமையவட்டங்களாகத் தெரிய வேண்டும். ஒருபுறம் ஒதுங்கித் தெரிந்தால் முதன்மை ஆடியின் பின்னுள்ள திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

தாங்கி

ஜான் டாப்சன் (1915–2014) பரப்பிய டாப்சோனியன் தாங்கி, ஒட்டுப்பலகையால் ஆனது; மின்பகுதிகள் இல்லாதது. இக்காரணத்தால் கடற்கரைக்கு இதுவே ஏற்றது எனலாம். ஒட்டுப்பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு வண்ணப்பூச்சு இட வேண்டும். ஈரம் புகுவது அவ்வழியே. இரும்புத் திருகுகளை மாற்றித் துருவேறா எஃகுத் திருகுகளை இடலாம். தேங்காய் எண்ணெய் இடும் பழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். அது நாட்பட்டுப் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். தையல் இயந்திர எண்ணெய் சிறந்தது. தானியங்கித் தாங்கிகளில் மின்கலங்களை ஒவ்வொரு முறையும் அகற்றி வைக்க வேண்டும்.

சூரிய வடிகட்டிகள்

பராமரிப்புக் குறைவால் கருவிக்கன்றி மனிதருக்குக் கேடு நேரக்கூடிய ஒரே பகுதி இதுவாகும். 2010 ஜனவரி 15 அன்றும் 2019 டிசம்பர் 26 அன்றும் நிகழ்ந்த கங்கணச் சூரிய கிரகணங்களின் பாதையில் மீமிசல் அமைந்திருந்தது. முன்னதில் தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. பின்னதில் இப்பகுதியில் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள். 2031 மே 21 அன்று நிகழவுள்ள கங்கண கிரகணத்தின் பாதையும் மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இக்கரையைக் கடக்கிறது. எனவே பழைய வடிகட்டிகள் பலவும் அன்று மீண்டும் வெளியே எடுக்கப்படும்.

அலுமினியம் பூசிய சூரிய வடிகட்டித் தாள் சூரிய ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. கடற்காற்றில் ஆடியின் பூச்சுக்கு நேரும் அரிப்பு இதற்கும் நேரும். ஒவ்வொரு முறையும் பொருத்துவதற்கு முன் பொலிவான விளக்கின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை, மடிப்பு, உரிந்த இடம் ஏதேனும் தெரிந்தால் வெட்டி எறிந்து விடுவதே முறை. விழித்திரையில் வலி உணர்வு இல்லாததால், பாதிப்பு நேர்ந்த கணத்தில் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

வடிகட்டி எப்போதும் குழலின் முன்வாயிலேயே, காற்றில் கழன்று விழாதவாறு ஒட்டுநாடாவால் பொருத்தப்பட வேண்டும். கண்ணருகு வில்லையில் திருகும் பழைய வகைச் சூரிய வடிகட்டிகள் குவிந்த வெப்பத்தால் திடீரென வெடிக்கக்கூடியவை; அவற்றைப் பயன்படுத்தலாகாது. கிரகணக் கண்ணாடியை அணிந்து கொண்டு தொலைநோக்கியின் வழியே பார்ப்பதும் அதே அளவு ஆபத்தானது. 2015 இல் வெளியான ஐஎஸ்ஓ 12312-2 தரம் நேரடியாகப் பார்க்கும் கண்ணாடிகளுக்கு மட்டுமே உரியது. தேடுநோக்கியை மூடவோ கழற்றி வைக்கவோ மறக்கக் கூடாது. சிறுவர்கள் முதலில் கண் வைப்பது அதிலேதான்.

நெடுநாள் பயன்பட்ட ஒரு தொலைநோக்கி

நன்கு காக்கப்படும் தொலைநோக்கி பல கைகள் மாறக்கூடியது. யசோரில் அரசுக் கருவூல ஊழியராக இருந்த ராதாகோவிந்த சந்திரா (1878–1975) முறையான வானியற் கல்வி பெறாதவர். மூன்று அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு அவர் செய்த மாறொளிர் விண்மீன் நோக்கல்களைக் கண்டு, அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கம் 1926 இல் 6.25 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பியது. அச்சங்கத்துக்கு அவர் அனுப்பிய நோக்கல்கள் 37,000-க்கும் மேல். வங்கத்தின் ஈரக்காற்றில் முப்பதாண்டுகளுக்கு அருகில் பயன்பட்ட பின், 1950களின் பிற்பகுதியில் அத்தொலைநோக்கி வேணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது தமிழகத்துக்கு வந்து காவலூர் வானாய்வகத்தைச் சேர்ந்தது.