அமெரிக்க அதிபர் டாலர் நாணயங்கள்: விடுபட்ட எழுத்துகளும் பிழை தேடிய சேகரிப்பாளர்களும்

அமெரிக்க நாணயச்சாலை 2007 முதல் 2016 வரை மறைந்த அதிபர்களின் உருவம் பொறித்து வெளியிட்ட ஒரு டாலர் நாணயங்கள் அதிபர் டாலர்கள் எனப்படுகின்றன. இவை அன்றாடப் புழக்கத்துக்காக அடிக்கப்பட்டவை. ஆனால் கடைகளிலும் பேருந்துகளிலும் இவற்றுக்குப் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. மாறாக, முதல் நாணயம் வெளிவந்த சில வாரங்களிலேயே விளிம்பில் எழுத்து விடுபட்ட நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைத் தேடிச் சேகரிப்பாளர்களும் பொதுமக்களும் வங்கிகளுக்குச் சென்றனர். சரியாக அடிக்கப்பட்ட நாணயத்தை வேண்டாத மக்கள், தவறாக அடிக்கப்பட்டதை விரும்பித் தேடியது அமெரிக்க நாணய வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

முன்வரலாறு

அமெரிக்காவின் முதல் டாலர் நாணயம் 1794-ல் வெள்ளியில் அடிக்கப்பட்டது. பின்னர் 1878 முதல் மார்கன் டாலரும் 1921 முதல் அமைதி டாலரும் வெளிவந்தன. இவை இன்றும் சேகரிப்பாளர்கள் விரும்பும் வெள்ளி நாணயங்கள். 1935-க்குப் பின் புழக்கத்துக்கான டாலர் நாணயங்கள் நெடுங்காலம் வெளிவரவில்லை. 1971-ல் அதிபர் ஐசனாவர் உருவத்துடன் வந்த டாலர் அளவில் பெரியது, சட்டைப்பைக்குக் கனமானது. அதற்கு மாற்றாக 1979-ல் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆண்டனியின் உருவம் கொண்ட சிறிய டாலர் வெளியானது. அதன் விட்டம் 26.5 மில்லிமீட்டர். கால் டாலரின் விட்டமோ 24.26 மில்லிமீட்டர். நிறமும் ஒன்றுபோல இருந்ததால் மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டனர். 1981-ல் அந்நாணயம் நிறுத்தப்பட்டது. 1999-ல் மட்டும் மீண்டும் ஒருமுறை அடிக்கப்பட்டது.

2000-ல் பொன்னிறத்தில் சகாகவியா டாலர் வந்தது. லூயிஸ், கிளார்க் இருவரும் மேற்கு நோக்கி நடத்திய ஆய்வுப் பயணத்தில் உடன் சென்ற சோசோனி பழங்குடிப் பெண் சகாகவியா. அவர் தன் குழந்தையை முதுகில் சுமந்திருக்கும் உருவம் அதில் இடம்பெற்றது. அந்த ஓராண்டில் மட்டும் 100 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் அடிக்கப்பட்டன. பெரும்பாலானவை வீட்டு உண்டியல்களிலும் வங்கிப் பெட்டகங்களிலும் தங்கிவிட்டன. அமெரிக்க அரசு ஒரு டாலர் தாளைத் தொடர்ந்து அச்சிட்டதே இதற்கு முதன்மைக் காரணம். கையில் தாள் இருக்கும்போது கனமான நாணயத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. அண்டை நாடான கனடா 1987-ல் ஒரு டாலர் நாணயத்தை வெளியிட்டது. 1989-ல் ஒரு டாலர் தாளை நிறுத்தியது. அங்கே நாணயம் நிலைபெற்றது.

சகாகவியா டாலரின் பிழைகள்

புழக்கத்தில் தோற்ற சகாகவியா டாலர், சேகரிப்பாளர்களுக்கு அரிய பிழை ஒன்றைத் தந்தது. 2000-ல் ஆர்கன்சா மாநிலத்தில் ஒருவர் தமக்குக் கிடைத்த புதிய டாலரில் சகாகவியாவின் முகத்துக்குப் பதில் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் இருப்பதைக் கண்டார். பின்பக்கத்தில் டாலருக்குரிய பறக்கும் கழுகு சரியாகவே இருந்தது. கால் டாலரின் முகப்பு அச்சு தவறுதலாக டாலர் அடிக்கும் எந்திரத்தில் பொருத்தப்பட்டதால் விளைந்த பிழை அது. இருவேறு நாணயங்களின் அச்சுகள் சேர்ந்து உருவாகும் இத்தகைய நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் ‘மியூல்’ என்பர். குதிரையும் கழுதையும் கலந்து பிறக்கும் கோவேறு கழுதையின் பெயர் அது. இதுவரை அறியப்பட்டவை இருபதுக்குள்தான். ஏலங்களில் இவை ஒரு லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயுள்ளன.

அதே ஆண்டில் சீரியோஸ் என்னும் காலையுணவுப் பெட்டிகள் சிலவற்றில் விளம்பரத்துக்காகச் சகாகவியா டாலர்கள் வைக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 5,500. அவற்றுள் சிலவற்றில் கழுகின் வால் இறகுகள் மற்ற நாணயங்களைவிட நுட்பமாகச் செதுக்கப்பட்டிருப்பது 2005-ல் தெரியவந்தது. இது பிழை அல்ல, முந்தைய வடிவமைப்பின் எச்சம். ஐந்தாண்டுகள் யார் கண்ணிலும் படாத ஒரு வேறுபாடு திடீரென விலைமதிப்புப் பெற்றது. புதிய நாணயத்தையும் உருப்பெருக்காடி கொண்டு பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தை இந்த நிகழ்வுகள் சேகரிப்பாளர்களிடம் வலுப்படுத்தின.

அதிபர் டாலர் சட்டம்

அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய அதிபர் டாலர் நாணயச் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2005 டிசம்பர் 22 அன்று கையெழுத்திட்டார். பதவி வகித்த வரிசையில் ஆண்டுக்கு நான்கு அதிபர்களின் நாணயங்கள் வெளியிடப்பட வேண்டும் என்றது சட்டம். மாநிலங்களின் பெயரில் 1999 முதல் வெளிவந்த கால் டாலர் வரிசையைப் பெருந்திரளான மக்கள் சேர்த்து வைத்தனர். அதே ஆர்வம் டாலருக்கும் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

முதல் நாணயம் ஜார்ஜ் வாஷிங்டனுடையது. 2007 பிப்ரவரி 15 அன்று வெளியானது. எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மில்லிமீட்டர். உட்பகுதி செம்பு, மேற்பூச்சு மாங்கனீசு கலந்த பித்தளை. முகப்பில் அதிபரின் உருவம், பெயர், பதவிக்காலம் ஆகியவையும் பின்பக்கத்தில் சுதந்திரதேவி சிலையும் இடம்பெற்றன.

உருவங்களுக்குப் பெரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வழக்கமாக நாணயத்தின் முகத்தில் இருக்கும் சில எழுத்துகள் விளிம்புக்கு மாற்றப்பட்டன. அடிக்கப்பட்ட ஆண்டு, நாணயச்சாலையின் குறி, ‘பலவற்றிலிருந்து ஒன்று’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம், ‘கடவுளை நம்புகிறோம்’ என்னும் தேசிய வாசகம் ஆகிய நான்கும் விளிம்பில் பொறிக்கப்பட்டன.

பிழை நேர்ந்த விதம்

நாணயம் அடிக்கும் பணி பல படிகளைக் கொண்டது. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவை உலையில் சூடாக்கி மென்மையாக்கப்பட்டு, கழுவி உலர்த்தப்படுகின்றன. பின் ஓர் எந்திரம் அவற்றின் ஓரத்தைச் சற்று உயர்த்துகிறது. அதன்பின் மேல், கீழ் அச்சுகளுக்கு இடையே வைத்து அழுத்தும்போது இரு பக்கங்களிலும் உருவம் பதிகிறது. பெரும்பாலான நாணயங்களுக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

அதிபர் டாலருக்கு மேலும் ஒரு படி இருந்தது. அடித்த நாணயங்கள் பெரிய தொட்டிகளில் சேர்க்கப்பட்டு மற்றோர் எந்திரத்துக்குச் சென்றன. அங்கே ஒவ்வொரு நாணயமும் எழுத்துகள் கொண்ட அச்சில் உருண்டு செல்லும்போது விளிம்பில் எழுத்து பதிந்தது. இந்தக் கடைசிப் படியைத் தாண்டிச் சென்ற நாணயங்கள் வழுவழுப்பான விளிம்புடன் நேரே பொதிசெய்யும் இடத்தை அடைந்தன. இரண்டு பக்கமும் குறையில்லாமல் இருந்ததால் பார்வைக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை.

இப்படித் தப்பிய வாஷிங்டன் டாலர்கள் குறைந்தது 50,000 இருக்கும் என அப்போது நாணய மதிப்பீட்டாளர்கள் கணித்தனர். அவ்வாண்டு வாஷிங்டன் டாலர்கள் 34 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டன. ஆக, சுமார் 7,000 நாணயங்களில் ஒன்று என்ற அளவில் பிழை நேர்ந்திருக்கலாம். அது சீராகப் பரவவில்லை. புளோரிடா மாநிலத்தில் நிறையக் கிடைத்தன. ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் விளிம்பில் இருந்தவை என்பதால், விளிம்பு வெறுமையான நாணயம் தன் பிறப்பிடத்தையும் இழந்துவிட்டது. அதில் எஞ்சிய ஆண்டுகள் வாஷிங்டன் பதவி வகித்த 1789-1797 மட்டுமே. கிடைத்த பகுதிகளை வைத்தே அவை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை எனக் கருதப்பட்டது.

தேடலும் விலையும்

பிழை நாணயம் தேடுவோருக்கு இழப்பு இல்லை. வங்கியில் 25 டாலர் கொடுத்தால் காகிதத்தில் சுற்றிய 25 நாணயங்கள் கிடைக்கும். அவற்றை வரிசையாக அடுக்கி விளிம்பைப் பார்த்தால் எழுத்தில்லாதது உடனே தெரிந்துவிடும். மற்றவற்றை அதே வங்கியில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பல நாணயங்கள் இவ்வாறு வங்கிக்கும் தேடுவோரின் வீட்டுக்கும் இடையே மட்டும் சென்றுவந்தன. கடைத்தெருவை அவை காணவில்லை.

தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று இணைய ஏலத்தில் சுமார் 600 டாலருக்கு விற்றது. செய்தி பரவியதும் மேலும் பல நாணயங்கள் சந்தைக்கு வந்தன. சில நாட்களிலேயே விலை 40 முதல் 60 டாலர் வரை இறங்கியது. முதல் விலையை நம்பி வாங்கியவர்கள் இழந்தனர். அரிய பொருள் என்று ஒன்றைச் சொல்லும் முன் எத்தனை கிடைத்துள்ளன என்று மட்டுமல்ல, இன்னும் எத்தனை கிடைக்கக்கூடும் என்றும் பார்க்க வேண்டும் என்பதை இந்த நிகழ்வு காட்டியது.

போலிகளும் வந்தன. சாதாரண நாணயத்தின் விளிம்பை அரத்தால் தேய்த்து எழுத்தை அழித்து விற்க முயன்றனர் சிலர். தேய்த்த நாணயத்தின் எடையும் விட்டமும் குறைந்துவிடும், விளிம்பில் கீறல்கள் தெரியும். துல்லியமான தராசும் அளவுகோலும் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம்.

பிழையல்லாத ஒன்றைப் பிழை என எண்ணியவர்களும் உண்டு. நாணயங்கள் விளிம்பு எந்திரத்துக்குள் எந்தப் பக்கம் மேலாக விழுகின்றன என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படவில்லை. அதனால் முகப்பை மேலே வைத்துப் பார்க்கும்போது ஏறத்தாழப் பாதி நாணயங்களில் விளிம்பு எழுத்து நேராகவும் மீதியில் தலைகீழாகவும் இருக்கும். தலைகீழ் எழுத்து பிழையல்ல என்று நாணயச்சாலை விளக்கியது. சேகரிப்பாளர்கள் தலைகீழ் எழுத்தை ‘ஏ நிலை’ என்றும் நேர் எழுத்தை ‘பி நிலை’ என்றும் குறிக்கின்றனர்.

2007 மே 17 அன்று வெளியான ஜான் ஆடம்ஸ் டாலரில் இதற்கு நேர்மாறான பிழை கண்டறியப்பட்டது. சில நாணயங்கள் விளிம்பு எந்திரத்தின் வழியே இருமுறை சென்றதால் எழுத்துகள் இரட்டையாகப் பதிந்தன. இரண்டாம் முறை நாணயம் திரும்பியிருந்தால் ஒரு வரிசை எழுத்து நேராகவும் மற்றது தலைகீழாகவும் அமைந்தது.

கடவுள் வாசகம் பற்றிய விவாதம்

விடுபட்ட எழுத்துகளில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்பதும் இருந்ததால் செய்தி சேகரிப்பாளர் வட்டத்தைத் தாண்டியது. ஊடகங்கள் இவற்றைக் ‘கடவுளற்ற டாலர்கள்’ என்றன. அரசு வேண்டுமென்றே கடவுள் பெயரை நீக்கிவிட்டது என்றும் இந்நாணயத்தை மக்கள் வாங்க மறுக்க வேண்டும் என்றும் மின்னஞ்சல்கள் சுற்றின. உண்மையில் வாசகம் நீக்கப்படவில்லை, விளிம்புக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆனால் விளிம்பு வெறுமையான நாணயத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த விளக்கம் எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை.

இந்த வாசகம் முதலில் 1864-ல் இரண்டு சென்ட் நாணயத்தில் இடம்பெற்றது. 1907-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்துப் புதிய தங்க நாணயங்களில் அது விடப்பட்டது. பணத்தின் மேல் கடவுள் பெயரை எழுதுவது இறைவனுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்பது அவர் கருத்து. எதிர்ப்பு எழவே 1908-ல் காங்கிரஸ் சட்டம் இயற்றி வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. சரியாக நூறாண்டு கழித்து அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2007 டிசம்பரில் சட்டமான நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் அவ்வாசகத்தை நாணயத்தின் முகத்துக்கோ பின்பக்கத்துக்கோ மாற்றும் விதி சேர்க்கப்பட்டது. 2009-ல் வெளியான வில்லியம் ஹென்றி ஹாரிசன் டாலர் முதல் அது முகப்பில் இடம்பெற்றது. ஆண்டும் லத்தீன் வாசகமும் நாணயச்சாலைக் குறியும் விளிம்பிலேயே தொடர்ந்தன.

புழக்கத்தின் முடிவு

பிழை வேட்டை தந்த பரபரப்பு நாணயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. நாணயச்சாலை அஞ்சல் கட்டணமின்றி வீட்டுக்கே டாலர் நாணயங்களை அனுப்பியது. சிலர் கடன் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாங்கி, அட்டை நிறுவனம் தரும் விமானப் பயணப் புள்ளிகளைப் பெற்றுக்கொண்டு, நாணயங்களை அப்படியே வங்கியில் செலுத்தினர். 2011-ல் கடன் அட்டை வழி விற்பனை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சுமார் 140 கோடி டாலர் நாணயங்கள் மைய வங்கியின் பெட்டகங்களில் தேங்கியிருந்தன. புழக்கத்துக்காக அதிபர் டாலர் அடிப்பதை அரசு அத்துடன் நிறுத்தியது. ஜேம்ஸ் கார்ஃபீல்ட் உருவம் கொண்டதே அவ்வகையில் கடைசி நாணயம். 2012 முதல் 2016 வரை சேகரிப்பாளர்களுக்கு மட்டும் குறைந்த அளவில் அடிக்கப்பட்டன.

விளிம்பு வெறுமையான வாஷிங்டன் டாலர்களோ இன்றும் ஏலங்களில் கைமாறுகின்றன. கோடிக்கணக்கில் அடித்த சரியான நாணயத்தின் மதிப்பு ஒரு டாலராகவே நின்றுவிட்டது. எந்திரத்தின் கடைசிப் படியைத் தவறவிட்ட நாணயம் அதைப் போலப் பல மடங்கு விலைபெறுகிறது.