மைனர் என்றொரு சொல்

பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததையே ஆண் அவளுக்குப் பாடம் நடத்துவதற்கு ஆங்கிலத்தில் 2008-க்குப் பின் பரவிய பெயர் ‘மேன்ஸ்பிளெயினிங்’. ஆணை மட்டும் சுட்டும் இச்சொல்லும் பாலினப் பாகுபாடுதானே என்று கேட்கிறார்கள். ஆணின் திமிரைச் சொல்லத் திருவிடைமருதூர்ப் பக்கமும் ஒரு பழைய சொல் உண்டு: மைனர்.

வயது வராத வாரிசைக் குறித்த சட்டச் சொல், மிராசுதார் வீடுகளில் சொத்தும் சோக்குமாகத் திரிந்த இளைஞனின் பெயரானது. இங்கிருந்து கிழக்கே, மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரைப் பெயரில் தாங்கிய இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் எழுதிய நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. மைனர் மதி பெறலாம். பெற்றதும் பெயர் உதிர்ந்துவிடும். ‘பெண்புத்தி பின்புத்தி’ என்பதில் அப்படி வெளியேற வழியில்லை. ஒன்று நடத்தையைச் சொல்கிறது, மற்றது பிறப்பை.

ஆனால் அதே தலைப்பில் மோசம் தாசிகளின் மேல் விழுகிறது. தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதை ஒழிக்கப் போராடியவருக்கும் அச்சொல்லைத் தவிர்க்க முடியவில்லை. 1947-இல் சட்டம் பொட்டுக்கட்டைத் தடை செய்தது. ‘தாசி’ இன்றும் வசை. ‘மைனர்’ சினிமாவில் செல்லப்பெயர். ஆணைச் சுட்டும் சொல் ஆணை எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு இதுவே அளவு.

எனினும் நமக்கும் ஒரு எச்சரிக்கை: எல்லோரையும் சேர்த்து ‘ஆம்பளைப் புத்தி’ என்றால், நாமும் அந்தப் பழமொழியைத்தான் திருப்பிச் சொல்கிறோம்.