உண்ணாநோன்பும் கீட்டோசிஸும்: 1956 முதல் 1967 வரை

சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் சூட்டவேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து, 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர்நீத்தார். அவருக்கு முன்பே, 1929இல் லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாட்களும், 1952இல் சென்னை மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாட்களும் நோன்பிருந்து மாண்டனர். உணவற்ற உடல் இத்தனை நாள் எவ்வாறு தாக்குப்பிடித்தது என்பதற்கு அக்கால உடலியங்கியலிடம் நிறைவான விடை இல்லை.

சிக்கல் மூளையில் இருந்தது. மூளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் குளுக்கோஸ் தேவை. கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்ட சர்க்கரை ஓரிரு நாட்களில் தீர்ந்துவிடும். கொழுப்பு அமிலங்கள் மூளைக்கு எரிபொருளாவதில்லை. எனவே தசைப் புரதத்தைக் கரைத்தே குளுக்கோஸ் ஆக்கவேண்டும். அத்தேவை முழுவதையும் தசையே ஈடுசெய்வதாயின், உடல் சில வாரங்களிலேயே வீழ்ந்திருக்கும்.

விடை கீட்டோன்களில் இருந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் அசிட்டோஅசிட்டேட்டாகவும் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாகவும் மாற்றி இரத்தத்தில் விடுகிறது. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் இவை காணப்பட்டமையால், நெடுங்காலம் நோயின் அடையாளமாகவே கருதப்பட்டன. 1967இல் பாஸ்டனில் ஜார்ஜ் காஹில் குழுவினர், மருத்துவக் கண்காணிப்பில் ஐந்தாறு வாரங்கள் நோன்பிருந்த உடற்பருமன் மிக்க மூவரிடம், மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் அதிலிருந்து திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டனர். மூளையின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்களே நிறைவுசெய்தன. நோன்பின் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 75 கிராமாக இருக்கும் புரத இழப்பு, வாரங்கள் கடந்தபின் சுமார் 20 கிராமாகக் குறைவதன் காரணம் இதனால் விளங்கியது.

கீட்டோசிஸ் பசியை வெல்வதில்லை. தசையின் அழிவை ஒத்திவைக்கிறது. கொழுப்பு தீரும்போது புரத இழப்பு மீண்டும் விரைவுபெறுகிறது. அதன்பின் மரணம் தொலைவில் இல்லை. நோன்பாளியின் உடல் அரசுக்கு அளிக்கும் அவகாசம் கொழுப்பின் அளவால் வரையறுக்கப்பட்டது.

சங்கரலிங்கனாருக்கு அந்த அவகாசம் எழுபது நாட்களைக் கடந்து நீண்டது. கோரிக்கையோ அதற்குள் ஏற்கப்படவில்லை. பெயர்மாற்றத் தீர்மானம் அண்ணா ஆட்சியில் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. காஹில் குழுவின் ஆய்வு வெளியானதும் அதே ஆண்டில்தான்.