உருவகக் கதை எது?
(கந்தபுராணத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி)

நமது புராணங்களைப் பற்றிப் பேச்செழும்போது, படித்த இளைஞர் பலர் ஒரு விடையைக் கைவசம் வைத்திருக்கின்றனர். "அது நடந்த கதையன்று, உருவகம்" என்பதே அவ்விடை. கேட்பவருக்குக் கூச்சந் தருகின்ற கதை எதுவாயினும் இந்த ஒரு சொல்லால் அதனை மூடிவிடுகின்றனர். முதியோரோ இதனைக் கேட்டு முகஞ் சுளிக்கின்றனர். தாம் ஆண்டுதோறும் கோயிலிற் கேட்டுக் கண்ணீர் விட்ட கதையைப் பிள்ளைகள் பொய்யென்று சொல்லாமற் சொல்கின்றனர் என்பது அவர்களின் மனக்குறை. உருவகக் கதை என்பது யாது, ஒரு கதையை அப்பெயரால் அழைப்பதற்கு அளவுகோல் யாது என்பதை இரு சாராரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மிஷன் பள்ளியிற் படித்தவர்களுக்கு இவ்வகைக் கதையிற் பழக்கமானது ஜோன் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1678 இல் வெளிவந்த "மோட்சப் பிரயாணம்". அரசின் தடையை மீறிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் அவர். அந்நூலில் வரும் யாத்திரிகன் முதுகிற் சுமையுடன் புறப்படுகிறான், அச்சுமை பாவம். அவனை அடைத்து வைக்கும் அரக்கனின் பெயர் அவநம்பிக்கை. கோட்டையின் பெயர் சந்தேகம். பூட்டைத் திறக்கும் திறவுகோலின் பெயர் வாக்குத்தத்தம். பெயர்களே பொருளைச் சொல்லிவிடுகின்றன. திருநெல்வேலி நாட்டில் வைணவக் குடும்பத்திற் பிறந்து 1858 இற் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இக்கதையையே தழுவி "இரட்சணிய யாத்திரிகம்" என்னும் காவியத்தைப் பாடி 1894 இல் வெளியிட்டார். கம்பனில் ஊறிய ஒருவர் பாடியதாதலின், அது சமயங் கடந்து சுவைக்கத்தக்கது.

இவ்வகை நூல் நமக்குப் புதிதென்று எண்ணற்க. பதினோராம் நூற்றாண்டிலேயே கிருஷ்ணமிசிரர் "பிரபோத சந்திரோதயம்" என்னும் வடமொழி நாடகத்தில் விவேகத்தையும் மோகத்தையும் அரசர்களாக்கிப் போர் செய்வித்தார். தமிழில் மாதைத் திருவேங்கடநாதர் அதனைப் பாடினார். அவருக்கும் முன்னரே தத்துவராயர், களத்திற் பகைவரை வென்றோரைப் பாடும் பரணியை எடுத்து, அஞ்ஞானத்தைக் கொல்லும் "அஞ்ஞவதைப் பரணி"யாகவும், மோகத்தைக் கொல்லும் "மோகவதைப் பரணி"யாகவும் ஆக்கினார். பனியனுக்கு இரண்டு நூற்றாண்டுகள் முந்தியவர் இவர். நம் பாடநூல்களில் இவர் பெயர் போதிய அளவு பேசப்படாமை வருந்தத்தக்கது.

மேற்கூறிய நூல்களெல்லாம் உருவகங்களாகவே பிறந்தவை. ஆக்கியோன் உட்பொருளை முதலில் வைத்துக்கொண்டு, அதன் ஒழுங்கிலேயே கதையை நடத்துகிறான். உட்பொருளை நீக்கினாற் கதைக்கு உயிரில்லை. வடிவங்களுள் இதற்கு நிகரானது நடராசர் திருவுரு. துடி படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்துமென மனவாசகங்கடந்தார் "உண்மை விளக்க"த்திற் கூறுகிறார். யாழ்ப்பாணத்துச் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனார் ஆனந்தக் குமாரசுவாமி, 1918 இல் நூலாக வந்த தமது கட்டுரைத் தொகுதியில் இதனையே உலகறிய எடுத்து விளக்கினார். அத்திருவுருவிற் கையொன்றைக் குறைத்தாலும் பொருள் குறைபடும்.

நிற்க. பிறந்தபின் உருவகமாக்கப்பட்ட கதைகளும் உண்டு. கிரேக்கரின் ஓமர் பாடிய காவியத்தில் தேவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிடுவதைப் பழித்தோருக்கு, "அது நீருக்கும் நெருப்புக்கும் உள்ள பகை" என்று கி. மு. ஆறாம் நூற்றாண்டிலேயே தியாகனிஸ் என்பவர் விடையிறுத்தார். விவிலியத்திற் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திற் பவுல், ஆபிரகாமின் மனைவி சாராளையும் அடிமைப் பெண் ஆகாரையும் இரண்டு உடன்படிக்கைகள் என்று பொருள் கொள்கிறார். காதலனும் காதலியும் உரையாடும் உன்னதப்பாட்டைக் கிறிஸ்துவும் திருச்சபையும் பேசுவதாகப் பாதிரிமார் போதித்தனர். அங்ஙனம் போதித்தவர்களே நம் புராணங்களைச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் பழித்தமை விந்தையே. நாவலர் பெருமான் 1854 இற் "சைவதூஷணபரிகாரம்" எழுதியபோது, அவர்களது வேதத்தையே எடுத்துக்காட்டி ஒப்புநோக்கி விடை கூறினார். இன்று நாம் "உருவகம்" என்ற சொல்லின் பின்னே ஒளிப்பதிலும் அம்முறை ஆண்மையுடையது.

நம் சமயத்துள்ளும் இம்முறை உள்ளிருந்தே தோன்றியதாகும். சிவன் எரித்த முப்புரம் மும்மலத்தின் காரியமே என்றும், மூன்று ஊர்களை எரித்தார் என்று மட்டுங் கொள்வோர் அறியாதவர் என்றும் திருமூலர் சொல்லியிருக்கிறார். பாதிரியாருக்கு அஞ்சி அவர் சொல்லவில்லை என்பதை நம் இளைஞர் கவனித்தல் வேண்டும்.

எல்லாக் கதைகளும் இதற்கு இடங் கொடுப்பதில்லை. நம் வன்னியின் வற்றாப்பளையை எடுத்துக்கொள்வோம். மதுரையை எரித்த கண்ணகி தென்திசை போந்து பத்தாவதாகத் தங்கிய இடம் அதுவென்பது ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரிகிறது. கடலை வினையென்றும் விளக்கை ஞானமென்றும் ஒருவர் வியாக்கியானஞ் செய்யலாம், யாருந் தடுக்கமாட்டார். ஆனால், அக்கதை சொல்ல விரும்புவது அதுவன்று. "அவள் இங்கே வந்தாள், இந்தத் தண்ணீரில் எரிந்தது" என்பதே அது. இடத்தையும் நாளையுங் குறித்துச் சாட்சி சொல்லும் கதையை உருவகமென்பது அதன் வாயை அடைப்பதாகும்.

இனிக் கந்தபுராணம். சூரபன்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று நம் கோயில்களிற் பயன் சொல்வோர் கூறக் கேட்டிருக்கிறோம். இதனைச் சோதிக்கும் வழி என்னவெனில், கதையின் பெரும்போக்கை விட்டு, பொருளுக்கு வேண்டாததுபோற் கிடக்கும் சிறு செய்திகளைப் பார்ப்பதாகும். தாரகனின் நகர் மாயாபுரி. வீரவாகு முதலியோரை அவன் வாளால் வெல்லவில்லை. கிரவுஞ்ச மலைக்குள் அவர்களை மயங்கி விழச் செய்தான். மாயை என்பதற்கு இது முற்றும் பொருந்துகிறது. அதனிலும் வியப்பானது சூரனின் முடிவு. தம்பியர் இருவரும் மாண்டனர். மூத்தவனாகிய சூரன் மட்டும் மாளவில்லை. வேல் அவனை இரு கூறாக்க, அவை சேவலும் மயிலுமாகி முருகன் அருணோக்கினால் அறிவு பெற்றுக் கொடியும் ஊர்தியும் ஆயின. ஆணவமலம் ஒருபோதும் அழிவதன்று, அதன் சக்தி மட்டுமே திருவருளின் முன் அடங்கும் என்பது சித்தாந்தம். வெறும் போர்க்கதையாயின் பெரும்பகைவனைக் கொல்லாமல் விடவேண்டிய தேவை என்ன? இந்த ஓரிடத்திற் கதை தானே தன் உட்பொருளைக் காட்டுகிறது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், இதே சோதனை மறுபக்கமும் வெட்டும். அம்மூவரையும் பெற்ற தாயின் பெயரே மாயை. மாயை பெற்ற பிள்ளைகளுள் ஒருவன் மாயையாதல் எங்ஙனம்? ஆணவம் அநாதி, ஒன்றிலிருந்து பிறந்ததன்று என்கிறது சித்தாந்தம். சூரனோ காசிபருக்கும் மாயைக்கும் பிறந்தவன். இங்கே கணக்கு இடிக்கிறது. இதனை மறைத்துப் பயன் சொல்வதிலும், இடிக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நூலுக்குச் செய்யும் மரியாதை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களிற் கச்சியப்பர் பாடியது பனியனுடையது போன்ற உருவகமன்று. சில இடங்களில் தத்துவம் மின்னுகின்ற புராணம்.

மின்னாத இடங்களுக்கும் பெறுமதியுண்டு. சூரனின் மகன் இரணியன், போர் வேண்டாமென்று தந்தையிடம் மன்றாடிப் பார்த்தவன். பின்னர் அவனே களத்துக்குப் போகிறான். தோல்வி உறுதியென்று கண்டதும் மீன் வடிவெடுத்துக் கடலுள் மறைகிறான். உயிருக்கு அஞ்சியன்று, குலமெல்லாம் மாண்டபின் தந்தைக்கு இறுதிக்கடன் செய்ய ஒருவனேனும் மிஞ்சவேண்டுமே என்ற நினைவினால். இவ்விரணியன் எந்த மலம்? எந்தத் தத்துவம்? புராணபடனத்தில் இவ்விடம் வரும்போது பயன் சொல்பவர் தத்துவம் ஒன்றும் பேசுவதில்லை. கதையை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த விருத்தத்துக்குப் போகிறார்.