லோங்காங் வாசியும் புது வீடும்

கோலாலம்பூரின் செந்தூலுக்குப் பெயர் தந்தது ஒரு பழமரம் என்பார்கள். அந்தப் பெயரை ஊரறியச் செய்தது ரயில். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநில ரயில்வே தன் மத்தியப் பட்டறையை இங்கே எழுப்பியது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் ரயில்வே குவாட்டர்ஸில் குடியேறினார்கள். மலாய்க்காரர்கள் 'சாவா' என்று அழைக்கும் மலைப்பாம்பு அவர்களுக்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வாழ்ந்தது. காடு அழிந்த பிறகும் அது கோலாலம்பூரை விட்டுப் போகவில்லை. நகரத்து லோங்காங், அதாவது வடிகால், அதற்கு ஓடையானது, எலிகள் இரையாயின.

முன்பெல்லாம் பாம்பைக் கண்டால் கம்பும் பாராங் கத்தியும்தான் வெளியே வரும். இன்று தீயணைப்புத் துறையான பொம்பாவுக்குப் போன் போகிறது. பாம்பை உயிரோடு பிடிக்கும் இந்த வழக்கம் வேரூன்ற உழைத்தவர்களில் மறக்கக்கூடாத பெயர் அபு ஸாரின் ஹுசின். பஹாங் தீயணைப்பு வீரரான அவர், நாகங்களின் போக்கை அறிய நான்கை வீட்டிலேயே வைத்திருந்தார். கொல்லாமல் பிடிப்பது எப்படி என்று சக வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2018 மார்ச்சில் பெந்தோங்கில் நாகம் பிடிக்கப் போன இடத்தில் கடிபட்டு இறந்தார். வயது 33. அவ்வளவு பழகியவருக்கே அந்த முடிவு.

'பாம்பு பழகிவிட்டது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள சீனர்களின் பாம்புக் கோயிலில் பச்சைக் குழிவிரியன்கள் கிளைகளில் சுருண்டு அசையாமல் கிடக்கும். ஊதுபத்திப் புகை அவற்றை மயக்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த இனத்தின் இயல்பே அதுதான்: பகலெல்லாம் அசைவற்றிருக்கும், இரவில் இரைக்காகக் காத்திருக்கும்.

வளர்ப்புப் பாம்பு புது வீட்டுக்கு வரும்போதும் இதே தவறுதான் நடக்கிறது. மலேசியாவில் மலைப்பாம்பு போன்ற இனங்களை வளர்க்க 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்துவிடும், பொறுமைதான் கிடைக்காது. முதல் நாள் பாம்பு மூலையில் சுருண்டு கிடக்கும். சாதுவாகிவிட்டது என்று வீட்டார் கையில் எடுப்பார்கள். அது சாதுத்தனம் அல்ல, அச்சம். இரவானதும் மூக்கைக் கூண்டின் கண்ணாடியில் உரசியபடி சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வரும். பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து, காற்றிலும் தரையிலும் உள்ள மணத்தை அள்ளி, மேலண்ணத்திலுள்ள உணர் உறுப்பிடம் சேர்க்கும். அந்த மணத்தில் தெரிந்தது எதுவும் இல்லாததால் இரையைத் தொடாது. சில நாள், சில வாரம்கூடப் பட்டினி கிடக்கும். அப்போது அதற்கு வேண்டியது உடல் நாலாபக்கமும் உரசும்படியான ஓர் இருட்டு மறைவிடம், ஒருபுறம் சூடு, ஒருபுறம் குளிர்ச்சி, தண்ணீர். கூடவே, யாரும் தொடாத ஒரு வாரம்.

இதையெல்லாம் யோசிக்காமல் வாங்கியதன் விளைவை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பார்க்கலாம். 1996 முதல் 2006 வரை ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அந்நாட்டில் இறக்குமதியாயின. வளர்ந்து பெருத்த பிறகு பலர் அவற்றை அங்குள்ள சதுப்பு நிலத்தில் விட்டார்கள். அவை அங்கே பெருகின. சதுப்பு அவற்றின் வீடாகிவிட்டதா என்ற கேள்விக்கு 2014-இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொன்னது. ஆறு பாம்புகளைப் பிடித்த இடத்திலிருந்து 21 முதல் 36 கிலோமீட்டர் தள்ளி விட்டார்கள். ஐந்து பாம்புகள் பழைய இடத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் வந்து சேர்ந்தன. செந்தூலில் பிடித்துத் தொலைவான காட்டில் விடும் பாம்பு என்ன பாடுபடும் என்பதையும் இதை வைத்து யோசிக்க வேண்டும்.

2017 ஜனவரியில் அந்தச் சதுப்பில் மலைப்பாம்பு பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து இருளர் பழங்குடியினர் இருவர் அழைக்கப்பட்டார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். 1978-இல் மகாபலிபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தின் மரபு அவர்களுடையது. அந்த மண்ணும் பாம்பும் அவர்களுக்குப் புதியவை. மற்றவர்கள் பெரும்பாலும் சாலையோரத்திலும் கரையிலும் தேட, இவர்கள் நேராகப் புதருக்குள் இறங்கினார்கள். எச்சம், உரித்த சட்டை, புல் அழுந்திய தடம் என்று தரையைப் படித்தார்கள். எட்டு நாளில் 13 பாம்புகள் சிக்கின. அவற்றில் 16 அடிப் பெண் பாம்பு ஒன்று இருந்தது கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில். நான்கு புறமும் கான்கிரீட், ஒடுக்கம், இருட்டு, ஈரம்: லோங்காங் போலவே.