வேலிக்குள் இருந்து கேட்ட மேளம்

எமது அதிபர்களின் பெயர்கள், கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் முறையாகப் பதியப்பட்டுள்ளன. மூத்த மாணவியர் சிலர் கூடியிருந்து பழங்கதை சேர்த்தபோது பேச்சு திரும்பத் திரும்பக் கோயில் வீதிக்கே போய் நின்றது. ஆகவே, பாடவிதானத்தில் இல்லாத அந்தப் படிப்பைப் பற்றி எழுத எண்ணினோம். கலைஞர்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. மேடைக்கு எட்டத்தில், பெண்கள் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் எழுதியது குறைவு.

நாம் சொல்வது ஐம்பதுகள், அறுபதுகளின் தென்மராட்சி. வீட்டைச் சுற்றிக் கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு. அதற்குள்ளால் அடுப்புக்கு நெருப்பும், கறிக்கு உப்பும், ஊர்ப் புதினமும் போய்வரும். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர் மத்தியானச் சமையலுக்கு அதுதான் மணிக்கூடு. யாழ்தேவி கூவும்போது சோறு வடித்திருக்க வேண்டும். கொடிகாமத்திலிருந்து வரும் தட்டிவானில் தேங்காய் மூட்டையும் வாழைக்குலையும் ஏறிய பிறகு மிஞ்சிய இடத்தில் ஆட்கள் இருப்பார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வீடு, இவை இரண்டையும் விட்டால் கோயில். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

பங்குனித் திங்களில் வகுப்பறைகள் பாதி வெறுமையாகிவிடும். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலடியில் பானைகள் வரிசையாகப் பொங்கிக்கொண்டிருக்கும். மாட்டுவண்டிலை மரநிழலில் அவிழ்த்துவிட்டு, புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பொங்கலும் மட்டுவில் கத்தரிக்காய்க் கறியும் வாழையிலையில் தின்ற ருசி ரொறன்ரோக் கடைக் கத்தரிக்காயில் வராது என்று சண்டை பிடிப்பவர்கள் எம்மில் இன்றும் இருக்கிறார்கள். மறுநாள் ஆசிரியைமார் வரவு குறித்து அதிகம் கேட்பதில்லை. அவர்களும் அங்கேதான் நின்றவர்கள்.

இரவுத் திருவிழா என்றால் பெரியமேளம். இரண்டு கூட்டம், மூன்று கூட்டம், உபயகாரர் வசதிக்காரர் என்றால் அதற்கும் மேலே. தமிழ்நாட்டிலிருந்து வித்துவான்கள் தலைமன்னாரில் கப்பலால் இறங்கி ரயிலில் வந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்த ரயிலும் எமது ஸ்ரேசனைத் தாண்டித்தான் போனது. ஆனால் நாம் யாரையும் இரவல் வாங்கவேண்டிய ஊராக இருக்கவில்லை. 1924இல் பிறந்த நாதஸ்வரக் கலைஞர் பஞ்சாபிகேசன் எமது சாவகச்சேரியின் சொத்து. அளவெட்டியில் என். கே. பத்மநாதன் இருந்தார். தவிலுக்கு, இணுவிலில் 1933இல் பிறந்த தட்சிணாமூர்த்தி. அவருடைய கைக்குத் தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வரக்காரர்களே காத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

பெண்கள் பக்கம் மணலில் பாய் விரித்து, மடியில் கச்சான் சுருளோடு இருப்போம். முன்னுக்கு ஆண்கள், அவர்களுக்கு முன்னால் தாளம் போடத் தெரிந்தவர்கள். வித்துவானின் முகம் எமக்குத் தெரியாது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் தவிலின் மேல் விரல்கள் எழும்பி விழுவது மட்டும் தலைகளுக்கு இடையால் தெரியும். ஆகையால் கண்ணை மூடிக் கேட்கப் பழகினோம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாட்டு ரீச்சர் தோடியைச் சொல்லித்தந்தபோது, "இது இரண்டாம் திருவிழா இரவு ஊதினதெல்லோ" என்று ஒருத்தி சொன்னாள். பெயர் தெரிய முதலே ராகம் தெரிந்திருந்தது.

திருவிழாவுக்கே வர விடாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வேலிக்குள் நின்று காற்று வந்த பக்கம் காது கொடுத்தார்கள். வயல்வெளிக்கு மேலால் வரும் மேளம் கிட்டத்தில் கேட்பதைவிட இனிமை என்று அவர்களில் ஒருவர் இன்றும் வாதாடுகிறார். அது உண்மையோ ஆறுதலோ, நாம் அறியோம்.

சின்னமேளம் தொடங்கமுன் எம்மை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். பெண்கள் ஆடுவதைப் பெண்கள் பார்க்கக்கூடாது என்பது அன்றைய நியாயம். சில ஆண்டுகளில் அதே நடனம் பரதநாட்டியம் என்ற பெயரில் எமது பள்ளி மண்டபத்துக்கே வந்தது. தடுத்த அப்பாமாரே முன்வரிசையில் இருந்து கைதட்டினார்கள். அந்தச் சின்னமேளக்காரப் பெண்களின் பெயர் ஒன்றேனும் எமக்குத் தெரியாமற் போனது இப்போது உறுத்துகிறது.

உறுத்துவது அது மட்டுமல்ல. மேடையில் கலைஞரைக் கொண்டாடிய ஊர், அவரிற் சிலரை வீட்டு வாசலோடு நிறுத்தியது. சில கோயில்களின் உள்ளே போகச் சிலருக்கு உரிமையே இருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. நாம் பாயில் இருந்தோம். வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்கள் யார், ஏன் உள்ளே வரவில்லை என்று எம்மில் எவரும் கேட்கவில்லை.

இனி, நடிகமணி. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவும் 1924இல் பிறந்தவர்தான். அவருடைய வசந்த கான சபாவின் அரிச்சந்திர மயான காண்டம் என்றால் பின்னேரமே பாய் போட்டு இடம் பிடிக்கவேண்டும். பெண் வேடத்துக்கும் ஆண்களே வருவார்கள். பாம்பு கடித்த பிள்ளையைச் சுமந்துகொண்டு சந்திரமதி சுடலைக்கு வருவாள். காவல்காரன் கூலி கேட்பான். அவன் அவளுடைய புருஷன். அழுதது வேடம் போட்ட ஓர் ஆண் என்று அறிந்தும் எமது அம்மாமார் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். அப்போது விளங்காதது இப்போது விளங்குகிறது. எமது வழக்கில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் படலையைத் தாண்டியதோடு அவர்களுடைய பங்கு முடிந்தது. தாங்கள் பெற்றது எங்கே எரிந்தது என்பதை அவர்கள் பார்த்த ஒரே இடம் அந்த நாடக மேடை.

நடிகமணி 1989இல் மறைந்தார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே நடந்து எமது ஊருக்கு வந்தது. வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் எமது நகரம் கல்லும் மண்ணுமானது. பழைய விழாப் படங்களும், பாட்டுக் கொப்பிகளும், வீட்டில் ஒளித்து வைத்த கசற்றுகளும் அதோடு போயின. அந்த ஆண்டுகளில் எம்மில் சிலருக்குச் சுடலைக்குப் போக நேர்ந்தது. கொள்ளி வைக்க வீட்டில் ஆண்கள் இருக்கவில்லை. "வழி எனக்குத் தெரிந்திருந்தது" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

2014 ஒக்ரோபரில் ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடியது. அடுத்த ஆண்டு பஞ்சாபிகேசன் தொண்ணூறு கடந்த வயதில் காலமானார்.

இலண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எமது பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அலுமாரித் தட்டில் பழைய கலியாணவீட்டுக் கசற் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். இம்மலர் வேலையின்போது அப்படி ஒன்று எமக்குக் கிடைத்தது. எழுபதுகளில் எமது ஊரில் நடந்த கலியாணம். நாதஸ்வரம் யார், தவில் யார் என்று எழுதப்படவில்லை. பாதி இரைச்சல். கெட்டிமேளம் முடிந்து தவில் ஓய்கிற இடத்தில், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்கிறது: "பிள்ளை, பாலை இறக்கு, பொங்கப் போகுது."

அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தவர்கள் சங்கத்துக்கு எழுதவும்.